முழங்கால் வலி ஊசிகள்: நானும் செய்த தவறுகள்

முழங்கால் தேய்மான வலிக்கு ஊசி, ரேடியோஃப்ரீக்வென்சி என்று கத்தி வைக்காத சிகிச்சைகளைக் கற்க வரும் இளம் மருத்துவர்களின் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். என் பழைய தவறுகளை அதே வரிசையில் செய்கிறார்கள். கையைக் கழுவு, வலதா இடதா என்று பார் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

சோதனை ஊசியைச் சடங்காக்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். மூட்டின் வலியை மேலே கொண்டுபோகும் ஜெனிகுலர் நரம்புகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்வதுதான் ரேடியோஃப்ரீக்வென்சி. வழக்கமாக மூன்று நரம்புகள். ஊசிமுனை 70, 80 டிகிரிக்குச் சூடாகி 90 நொடி நிற்கும். அதற்கு முன் அதே இடங்களில் மரத்துப்போகும் மருந்தைப் போட்டு, வலி பாதியாவது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் சோதனை ஊசி. 2011-இல் கொரியாவில் 38 பேரிடம் நடந்த ஆய்வுதான் இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதிலேயே சோதனை ஊசியில் தேறியவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள்.

ஆரம்ப காலத்தில் ஒரு அம்மா வந்தார். படி ஏறினால் மட்டும் வலி. பயப்படுகிறாரே என்று தூக்க மருந்து கொடுத்தேன். நரம்புக்கு 1 மில்லி போதும். நான் தாராளமாக 4 மில்லி விட்டேன். மேசையில் படுத்திருந்தவரிடமே கேட்டேன்: "இப்ப வலி எப்படிம்மா இருக்கு?"

"தேவலை டாக்டர்."

80 சதவீதம் குறைந்தது என்று எழுதிவிட்டேன். படுத்திருந்தால் அவருக்கு என்றைக்குமே வலித்ததில்லை! நரம்புகளைச் சுட்டோம். ஒரு மாதம் கழித்து அதே வலியோடு வந்து நின்றார். அப்போதுதான் காலை மடக்கி இடுப்பு மூட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். துள்ளிவிட்டார். தேய்ந்திருந்தது இடுப்பு, வலி தெரிந்தது முழங்காலில். சோதனை ஊசி போட்ட அன்றே ஒரு மாடி ஏறச் சொல்லியிருந்தால் குட்டு உடைந்திருக்கும்.

ஆகவே தூக்க மருந்து வேண்டாம். மருந்தைக் குறைவாக விடுங்கள். கைப்பிடியைப் பிடித்தபடி படி ஏறட்டும். மணிக்கொரு தரம் வலிக்கு மதிப்பெண் எழுதச் சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். "மூணு நாள் சுகமா இருந்துச்சு" என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

ஸ்டீராய்டை வாடிக்கையாக்குவது

வீக்கத்தைத் தணிக்கும் இந்த மருந்தை மூட்டுக்குள் போட்டால், முதல் ஊசி சில வாரம் நன்றாகக் கேட்கும். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுவார்கள், நாமும் போட்டுவிடுவோம். 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 140 பேரை இரண்டாகப் பிரித்து, 12 வாரத்துக்கு ஒருமுறை 2 ஆண்டுகள் போட்டுப் பார்த்தார்கள். வலியில் உப்புநீர் ஊசிக்கும் ஸ்டீராய்டுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை; குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் கூடுதலாகத் தேய்ந்தது. சர்க்கரை நோய் இருப்பவரிடம், சில நாள் சர்க்கரை ஏறும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூட்டு மாற்றுக்கு நாள் குறித்தவருக்கு ஸ்டீராய்டு

மூன்று மாதத்துக்குள் அறுவை சிகிச்சை என்றால் போடாதீர்கள். தொற்று அபாயம் கூடும்.

பிஆர்பி போட்டால் குருத்தெலும்பு முளைக்கும் என்று சொல்வது

பிஆர்பி என்பது நோயாளியின் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாகப் பிரித்தெடுத்துப் போடும் ஊசி. முளைக்கும் என்று சொல்லாதீர்கள்.

நான்காவது நரம்பையும் சுடுவது

கீழே வெளிப்பக்கம் இருப்பது. பாதத்தைத் தூக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. விட்டுவிடுங்கள்.