அணையில் மீன்குஞ்சு விடும் முன் துறையும் மீனவர் சங்கமும் பேசி முடிக்க வேண்டியவை

கிருஷ்ணகிரி அணை, பாரூர் ஏரி, பென்னாகரம் பக்கம் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்முனை என எங்கே பரிசல் போட்டாலும், மீனுக்கு மீன்வளத் துறை, மதகுச் சாவிக்கு நீர்வளத் துறை. கூட்டத்துக்கு முன்னதை மட்டும் அழைக்கும் சங்கங்கள்தான் அதிகம். குஞ்சு விட்ட மறுநாள் பாசனத்துக்கு மதகு திறந்தால் பாதி வாய்க்காலோடு போய்விடும். திறப்பு அட்டவணையை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு குஞ்சு விடும் தேதியைக் குறியுங்கள்.

குஞ்சு நாலு அங்குலமாவது இருக்கட்டும். இரண்டு அங்குலக் குஞ்சு மலிவுதான், ஆனால் விராலுக்கும் வாளைக்கும் தீனி போட்ட கணக்குதான். எண்ணிக்கையில்தான் சண்டை வரும். குஞ்சு வரும் பைகளில் பத்துக்கு ஒரு பையை, சங்கத்தார் கைகாட்டும் பையாக, இரு தரப்பும் பார்க்கப் பிரித்து எண்ணுங்கள். செத்ததைக் கழித்து அங்கேயே நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

விடியற்காலையில், மதகுக்கு எட்டத்தில் விடுங்கள். கட்டிய பையை 15 முதல் 20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு, வாயைப் பிரித்து அணைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பையைச் சாய்த்தால் போதும்; குஞ்சு தானாக வெளியேறும். உச்சி வெயிலில் அப்படியே கொட்டினால் சூட்டு வித்தியாசத்திலேயே செத்து மிதக்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால் அன்றைக்கு விடவே வேண்டாம், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது.

வலைக் கண்ணிக்கு, அதாவது வலை ஓட்டைக்கு, அளவு எழுதினால், எப்படி அளப்பது என்பதையும் எழுதுங்கள். நனைந்த வலையில் கண்ணியை இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே ஸ்கேல் வைக்க வேண்டும். ஒருவர் முழு நீளத்தையும் இன்னொருவர் ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால் கணக்கு இரட்டிப்பாகி, நல்ல வலையும் பறிமுதலாகும். ஒரு கண்ணியை நம்பாமல் பத்தை அளந்து சராசரி எடுங்கள்.

ஜிலேபி (திலாப்பியா) மீன்தான் தலைவலி. சிறுசிலேயே முட்டையிட்டுப் பெருகும், அதைப் பிடித்தே ஆக வேண்டும். அதற்காகச் சின்னக் கண்ணி வலையை அணை முழுக்க அனுமதித்தால் கட்லா, ரோகு குஞ்சும் சேர்ந்து ஏறும். கரையோரத்தில், வீச்சுவலையில், வாரத்தில் குறித்த நாளில் மட்டும் பிடிக்க விடுங்கள். அன்றைய எடையைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். கட்லா பக்கத்தில் கலந்தால் வருடக் கடைசியில் பங்குக் கணக்கு இடிக்கும்.