‘அடமன்ட்’டும் ‘அடம்’மும் ஒரே வேரா? தேடிப் பார்ப்பது எப்படி

“பையன் ரொம்ப அடமன்ட்” என்று யாராவது ஆங்கிலம் கலந்து சொன்னால் (adamant: விட்டுக்கொடுக்காத), கடை வாசலில் அடம் பிடித்து உருளும் பிள்ளைதான் கண்முன் வருகிறான். ஒலியும் பொருளும் அப்படியே ஒத்துப்போகின்றன. இரண்டும் ஒரே வேர்தான் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சரி, பார்த்துவிடலாம். சொல்லின் வரலாறு தரும் ஆங்கில அகராதி ஒன்று போதும்.

படி 1: இன்றைய பொருளைத் தாண்டிப் பழைய பொருளுக்குப் போங்கள். ‘விட்டுக்கொடுக்காத’ என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அடமன்ட் ஒரு பெயர்ச்சொல்: எதனாலும் உடைக்க முடியாத பொருள்.

படி 2: சொல்லைத் துண்டாக்குங்கள். கிரேக்கத்தில் இது ‘அதமாஸ்’. முன்னால் நிற்கும் ‘அ’, நம் ‘அநீதி’யில் வருகிற அதே ‘அ’; இல்லை என்று பொருள். மீதி ‘தமா’ என்றால் அடக்குவது. ஆக, அடக்க முடியாதது. விலங்கைப் பழக்குவதைச் சொல்லும் ஆங்கில ‘டேம்’, புலனடக்கத்தைச் சொல்லும் வடமொழி ‘தமம்’ இரண்டும் இதே வேரில் கிளைத்தவை. இப்போது கவனியுங்கள்: ‘ட’ என்பது ஆங்கில உச்சரிப்பை நாம் எழுதும் விதத்தால் வந்தது, மூலத்தில் இருப்பது ‘த’. நம் ‘அடம்’ அங்கேயே கழன்றுகொண்டது. (அடமானமும்தான்!)

படி 3: எந்தெந்தப் பொருளுக்கு அந்தப் பெயர் போனது என்று பாருங்கள். ஹெசியட் பாடிய கிரேக்கப் புராணத்தில் பூமித்தாய் கயா, மகன் குரோனோஸுக்கு அதமாஸில் அரிவாள் செய்து கொடுக்கிறாள். பிற்பாடு பெயர் வைரத்துக்குப் போனது. பிந்தைய லத்தீனில் அதன் தலையெழுத்து மாறி ‘தியமாஸ்’ ஆனது. பிரெஞ்சு வழியாக வந்த ‘டைமண்ட்’ அதுதான். இடைக்காலத்தில், காதலிப்பதைக் குறிக்கும் லத்தீன் ‘அதமாரே’யோடு குழப்பிக்கொண்டு, இரும்பை இழுக்கும் காந்தத்துக்கும் இதே பெயரை வைத்தார்கள்.

படி 4: பெயரையும் பொருளையும் ஒப்பிடுங்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் வைரத்துக்கு 10. இன்னொரு வைரம்தான் அதைக் கீறும். ஆனால் ஓங்கி அடித்தால் படிகத் தளங்களின் வழியே பிளந்துவிடும். முதலாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி என்பவரோ, அடித்தால் சுத்தியல்தான் உடையும், ஆட்டுக்கிடாயின் சூடான ரத்தத்தில் ஊறவைத்தால் மட்டுமே வைரம் உடையும் என்று எழுதிவைத்தார். வீட்டிலிருக்கும் வைரத்தோட்டை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.