யூபிஎஸ் சர்வீஸ் வேலைக்குப் போகிற அக்கா மகனுக்கு

மாப்பிள்ளை, அடுத்த வாரம் பெங்களூரில் ட்ரெய்னிங், முடிந்து வந்ததும் சேலம், தருமபுரி, நாமக்கல் மூன்றும் உன் தலையில் என்று அக்கா போனில் சொன்னாள். யூபிஎஸ் பையைத் தூக்கிக்கொண்டு 14 வருஷம் அலைந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கோ.

முதலில் பேப்பர். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கேட்டால் காட்டு, ஜெராக்ஸைக் கொடு, ஒரிஜினலோடு வீட்டுக்கு வா. நான் முதலில் சேர்ந்த கம்பெனி வாங்கி பீரோவில் பூட்டியது. வேலையை விட்டபிறகு அதைத் திரும்ப வாங்க ஐந்து மாசம் நடந்தேன். பேட்டா எவ்வளவு, பைக்குக்குக் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ராத்திரி தங்கினால் ரூம் வாடகை யார் தருவது, மூன்றையும் மெயிலில் வாங்கிக்கொள். வாயால் சொன்ன பேட்டா மாசக் கடைசியில் பாதியாகிவிடும். பஸ் டிக்கெட் எழுத்து சட்டைப்பை வியர்வையிலேயே அழிந்துவிடும், இறங்கியதும் போட்டோ எடு.

ட்ரெய்னிங்கில் வைத்திருப்பது ஏசி ரூமில் துடைத்து வைத்த மெஷின். பழுதும் அவர்களே போட்டு வைத்தது. இங்கே நீ பார்க்கப்போவது செவ்வாய்பேட்டை கடையின் மாடிப்படிக்கு அடியில் செருப்போடு செருப்பாகக் கிடக்கும்; ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் ஃபேன் முழுக்க மாவு அப்பியிருக்கும். அதனால் அங்கே சும்மா உட்கார்ந்து பார்க்காதே. கழற்றி மாட்ட ஒரு தடவையாவது உன் கையில் கொடுக்கச் சொல். ஃபீல்டில் எந்தப் பார்ட் அடிக்கடி போகிறது என்று கேள். ட்ரெய்னர் இங்கிலீஷில் பேசினாலும் நோட்டில் தமிழில் எழுது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பேங்க் வாசலில் நின்று புரட்டும்போது அதுதான் புரியும்.

இப்போது சொல்வதை மறக்கவே கூடாது. 12 வோல்ட் பேட்டரி 16 வரிசையாக நின்றால் 192 வோல்ட் டிசி. மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் அது அப்படியேதான் இருக்கும். சேலத்துக்காரன் கையில் வெள்ளிக் காப்பு இல்லாமல் இருக்காது, அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போ. ஸ்பேனருக்கு வாய் மட்டும் தெரியும்படி இன்சுலேஷன் டேப் சுற்று. நான் சுற்றவில்லை. ஒரு நாள் கை நழுவி ஸ்பேனர் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே விழுந்தது. கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு வெட்டு. எடுத்துப் பார்த்தால் ஸ்பேனர் ஓரத்தில் ஜவ்வரிசி அளவுக்கு இரும்பு உருகிப் போயிருந்தது. அந்த ஸ்பேனர் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

ஏற்காட்டுக்கு சர்வீஸ் கால் வந்தால் கிளம்பும் முன்னாலேயே ஃப்யூஸ், ஒயர் முனையில் மாட்டும் லக், டேப் எல்லாம் இருக்கிறதா என்று பையைக் கொட்டிப் பார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறியபிறகு ஃப்யூஸ் இல்லையென்று மறுபடி இறங்கியவன் நான். அங்கேயே ஒரு பேங்கில் யூபிஎஸ் மத்தியானமானால் கத்துகிறது என்று கம்ப்ளெயின்ட். இரண்டு தடவை போய் உள்ளே இருக்கும் சர்க்யூட் கார்டை மாற்றினேன், நிற்கவில்லை. மூன்றாவது தடவை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் தாத்தா, "தம்பி, பக்கத்துல தண்ணி மோட்டார் போட்டாத்தான் அது கத்துது" என்றார். மோட்டாரைப் போடச் சொல்லி மீட்டர் வைத்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2 வோல்ட்டில் இருந்தது 18க்கு ஏறியது. சப்ளையை நிறுத்தி போர்டைத் திறந்தால் நியூட்ரல் ஒயர் லூசாகி முனை கருகியிருந்தது. வெட்டி, புது லக் போட்டு முறுக்கினேன், அவ்வளவுதான். மெஷினில் கை வைக்கும் முன் அங்கே நாளெல்லாம் இருப்பவரிடம் எப்போது கத்துகிறது என்று கேட்டுவிடு, மேனேஜருக்குத் தெரியாது.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்தையும் சீலையும் மேனேஜர் சாப்பிடப் போவதற்குள் வாங்கிவிடு. இல்லையென்றால் மூன்று மணி வரை ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. ஒயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் என்னுடைய பழைய டாங் டெஸ்டர் சும்மா கிடக்கிறது, செல் மட்டும் மாற்ற வேண்டும்.