பழைய கட்டிடம் பாக்க போறப்ப நாம பண்ற தப்புகள்

ரோம்ல இருக்கற பழங்கால விளையாட்டு அரங்கம் கொலோசியம் முன்னாடி போய் நின்னப்ப என் கண்ணுல முதல்ல பட்டது ஆர்ச்சும் இல்ல உயரமும் இல்ல, சுவர் முழுக்க அம்மை தழும்பு மாதிரி இருந்த குழிங்க தான். ஏதோ போர்ல குண்டு பாஞ்ச இடம் போலன்னு நானே முடிவு பண்ணி கூட வந்தவருக்கும் பெரிய ஆளாட்டம் விளக்கிட்டேன். ராத்திரி ரூமுக்கு வந்து படிச்சா, கல்லும் கல்லும் நகராம பிடிச்சிருக்க உள்ள இரும்பு கிளாம்ப் வச்சிருந்தாங்களாம், பின்னாடி வந்தவங்க இரும்புக்காக சுவர தோண்டி அத உருவிட்டு போயிட்டாங்களாம். உருவின இடம் தான் அந்த குழி. அடடா, கையெட்டற தூரத்துல நின்னுட்டு கோட்ட விட்டுட்டோமேன்னு இருந்துச்சு.

படிக்காம போறது தப்புன்னு எல்லாரும் சொல்வாங்க. என்ன கேட்டா தப்பானத படிச்சிட்டு போறது அதவிட மோசம். எந்த ராஜா, எந்த வருஷம், எத்தன அடின்னு மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு போனா நேர்ல பாக்க ஒண்ணுமே மிச்சம் இருக்காது, ஏன்னா வருஷம் கண்ணுக்கு தெரியாதே. வெயிட்ட எது தாங்குது, எது இடிஞ்சு போச்சு, எத அப்புறமா ஒட்ட வச்சாங்க, இந்த மூணு மட்டும் தெரிஞ்சிட்டு போங்க, கண்ணு தானா தேட ஆரம்பிச்சிடும்.

அடுத்தது, ஒரே ஒரு வருஷத்த கட்டிடம் மொத்தத்துக்கும் எழுதிக் குடுத்துடறது. கல்லுலயே பொறிச்சிருந்தா கூட அப்டியே நம்பிட முடியாதுங்க. ரோம்ல பாந்தியன்னு ஒரு பழைய கோயில், அதோட வாசலுக்கு மேல அக்ரிப்பான்றவர் மூணாவது தடவ கான்சலா (ரோம் அரசுல பெரிய பதவி) இருந்தப்ப கட்டினார்னு பெரிய பெரிய எழுத்துல இருக்கும், ஆனா அவர் கட்டினது எப்பவோ எரிஞ்சு போச்சு, நாம பாக்கறது ஹேட்ரியன் சக்கரவர்த்தி காலத்துல கி.பி. 125 வாக்குல முடிச்சது, பழைய ஆள் பேரையே திரும்ப மேல போட்டுட்டாங்க. 2019ல பாரிஸ் நாத்ருதாம் சர்ச் தீப்பிடிச்சு கோபுர ஊசி சாஞ்சப்ப 800 வருஷ கோபுரம் போச்சேன்னு எத்தன பேர் புலம்பினாங்க, அந்த ஊசி 19ஆம் நூற்றாண்டுல வியோலே-லெ-டியூக்னு ஒரு கட்டிடக் கலைஞர் வச்சது. முன்பக்கம் வரிசையா நிக்கற 28 ராஜா சிலைங்களும் அதே கத தான், பழச ஒடைச்சப்புறம் புதுசா வச்சது. பிரெஞ்சு புரட்சில ஜனங்க இவங்க நம்ம நாட்டு ராஜாங்கன்னு நெனச்சு தலைய வெட்டிட்டாங்க, உண்மையில அவங்க பைபிள்ல வர்ற யூதா ராஜாக்கள். வெட்டின தலைல 21 தலை 1977ல மண்ணுக்குள்ள இருந்து கெடச்சுது, இப்ப அதே ஊர்ல குளூனி மியூசியத்துல இருக்கு. நாத்ருதாம் வரைக்கும் போறவங்க அத பாக்காம வர்றது எனக்கு கொஞ்சம் வருத்தம் தான்.

இதெல்லாம் கேட்டுட்டு "அப்ப எல்லாம் டூப்ளிகேட்டா"ன்னு மூஞ்ச தூக்கி வச்சுக்கறவங்களும் உண்டு, அது இன்னொரு தப்பு. ரிப்பேரும் அந்த கட்டிடத்தோட கத தானே. கிரீஸ்ல ஏதென்ஸ்ல இருக்கற பார்த்தினான் கோயில கட்டினவங்க இரும்பு கிளாம்ப சுத்தி ஈயம் ஊத்தி மூடினாங்க, அதனால ஆயிரக்கணக்கான வருஷமா துரு ஏறல. 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ரிப்பேர் பண்ணினவங்க ஈயம் இல்லாம இரும்ப வச்சாங்க, அது துருப்பிடிச்சு ஊதி உள்ள இருந்தே மார்பிள பொளந்துடுச்சு, அப்புறம் வந்தவங்க அதையெல்லாம் எடுத்துட்டு டைட்டானியம் வச்சாங்க. தூண்ல அங்கங்க பளிச்சுன்னு வெள்ளையா துண்டு தெரியும் பாருங்க, அது புதுசா செதுக்கி பொருத்தினது. மத்தபடி அந்த காலத்துல மொத்தமும் வெள்ளையா இருந்துச்சுன்னு நெனக்காதீங்க, நீலம் சிவப்புன்னு நல்லா கலர் அடிச்சு தான் வச்சிருந்தாங்க.

இப்ப எனக்கு ரொம்ப கடுப்பான விஷயம். நேரா நடுவுல நின்னு ஒரு போட்டோ, ஒரு செல்ஃபி, கெளம்பலாமா. பார்த்தினான்ல இத பண்றவங்களுக்கு ஒண்ணு தெரியாது, கோயில் இருக்கற அக்ரோபொலிஸ் குன்றோட வாசல் வழியா ஏறினதும் முதல்ல தெரியறது கோயிலோட பின்பக்கம், மேற்கு. முன்வாசல் கிழக்க இருக்கு, சுத்தி நடந்து போகணும். பாதி பேர் முதுக போட்டோ எடுத்துட்டு எறங்கிடறாங்க! அப்டி சுத்தி போறப்ப ஒரு மூலைல நின்னு குனிஞ்சு படிக்கட்டு விளிம்போட கண்ண வச்சு நீளவாக்குல பாருங்க. நேர்கோடா இருக்கும்னு நெனப்பீங்க, ஆனா நடுவுல மேடா வளைஞ்சிருக்கும். நீளப்பக்கத்துல கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர், அகலப்பக்கத்துல 6. மழைத்தண்ணி வழியறதுக்குன்னும் சொல்றாங்க, நேரா வச்சா நடுவுல தொய்ஞ்ச மாதிரி தெரியும்னும் சொல்றாங்க. தூணுங்களும் லேசா உள்பக்கம் சாஞ்சிருக்கு. நடுவுல நின்னு எடுக்கற போட்டோல இதுல ஒண்ணு கூட தெரியாது.

தூண பாத்ததும் டோரிக், அயானிக், கொரிந்தியன்னு கிரேக்க தூண் வகையோட பேர் சொல்லிட்டு நகந்துடறதும் அப்டி தான், பேர் தெரிஞ்சா பாத்தாச்சுன்னு ஒரு நெனப்பு. கிட்ட போய் தூண்ல மேலருந்து கீழ வரைக்கும் செதுக்கின பள்ளத்த பாருங்க. டோரிக்ல பெரும்பாலும் 20 பள்ளம், ரெண்டு பள்ளம் சேர்ற எடம் கத்தி மாதிரி கூரா இருக்கும், கீழ பீடம் இல்லாம நேரா தரையில நிக்கும். அயானிக்ல 24, நடுவுல சின்னதா தட்டையா ஒரு பட்டை விட்டிருப்பாங்க, ஓரம் சீக்கிரம் ஒடையாது. அப்புறம் அந்த தூண் வேலை செய்யுதா சும்மா நிக்குதான்னு பாக்கணும். பார்த்தினான்ல தூண எடுத்தா மேல இருக்கறது மொத்தமும் கீழ வரும். கொலோசியத்துல மாடிக்கு மாடி டோரிக் மாதிரி, அயானிக், கொரிந்தியன்னு சுவர்ல ஒட்டின அரைத்தூண் இருக்கே, அது பெரும்பாலும் அலங்காரம் தான், பாரத்த தாங்கறது நடுவுல இருக்கற ஆர்ச்சுங்க.

டைமிங்லயும் கோட்ட விடுவோம். பழைய சர்ச் முகப்பு பெரும்பாலும் மேற்கு பாத்து தான் இருக்கும், காலைல போனா வெளிச்சம் பின்னாடி இருந்து வரும், முகப்பு இருட்டா கெடக்கும், சிற்பம் ஒண்ணும் எடுபடாது. அதையே சாயங்காலம் பாருங்க. கலர் கண்ணாடி ஜன்னல வெளிய நின்னு பாத்தா கருப்பா தான் தெரியும், உள்ள போய் கண்ணு இருட்டுக்கு பழகற வரைக்கும் பத்து நிமிஷம் உக்காரணும். பாந்தியன் உச்சில இருக்கற ஓட்டைக்கு கண்ணாடி கெடையாது, வெயில் வட்டமா சுவர்ல நகந்துட்டே இருக்கும், மழ பேஞ்சா உள்ள பெய்யும், தண்ணி போக தரையில சின்ன சின்ன ஓட்ட வச்சிருக்காங்க. எல்லாரும் மேல பாத்துட்டு இருப்பாங்க, நீங்க ஒரு நிமிஷம் கீழயும் பாருங்க.

ஒரே நாள்ல ஆறு இடம் போறத பத்தி நான் சொல்லவே வேணாம், நாலாவதுக்கு வர்றப்ப எல்லா கல்லும் ஒண்ணா தான் தெரியும். வழிபாடு நடக்கற எடம்னா டிரெஸ், ஃபிளாஷ், சத்தம் இதெல்லாம் பாத்துக்கோங்க.

கடைசியா, தொடறது, ஏறறது, பேர கீறறது. 2023ல ஒருத்தர் கொலோசியம் சுவர்ல சாவிய வச்சு தன் பேரையும் ஜோடி பேரையும் கீறி வீடியோல மாட்டினார். அப்புறம் மன்னிப்பு கடிதம் எழுதினார், இந்த கட்டிடம் எவ்வளவு பழசுன்றதே அதுக்கப்புறம் தான் எனக்கு தெரிஞ்சுதுன்னு. படிச்சிட்டு சிரிச்சேன், குண்டு பாஞ்ச குழின்னு சொன்ன என் மூஞ்சி ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்னுடுச்சு.