முடிவுற்ற கட்டடப் பணிகள்: போர்த்துகீசு, ஆங்கிலச் சொற்களை இணைகாணும் முறை

கட்டி முடித்த கட்டடத்தின் ஆவணங்களைப் போர்த்துகீசிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவருபவர், அகராதியைத் திறக்கும் முன் அந்த ஆவணம் பிரேசிலைச் சேர்ந்ததா, போர்ச்சுகலைச் சேர்ந்ததா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய சொல் 'ப்ரொஜெட்டு'. ஆங்கிலத்தின் 'ப்ராஜெக்ட்' போல ஒலித்தாலும், கட்டுமானத் துறையில் அது பெரும்பாலும் வரைபடங்களும் கணக்கீடுகளும் கொண்ட வடிவமைப்பையே குறிக்கும். ஆகவே 'ப்ரொஜெட்டு முடிந்தது' என்று கடிதம் சொல்லும்போது அடித்தளம்கூடத் தோண்டப்படாமல் இருக்கலாம். தளத்தில் நடக்கும் வேலைக்குப் பெயர் 'ஓப்ரா'.

மிகுந்த கவனம் தேவைப்படுவது ஒப்படைப்புச் சொற்களில்தான். போர்ச்சுகலின் பொதுப்பணிகளில் 'ரெசெசாவ்ங்' எனப்படும் ஏற்பு, அதாவது முடிந்த பணியை அதைக் கொடுத்தவர் முறைப்படி பெற்றுக்கொள்வது, இரண்டு முறை நடக்கிறது: முதலில் தற்காலிக ஏற்பு, உத்தரவாதக் காலம் முடிந்தபின் இறுதி ஏற்பு. 2008ஆம் ஆண்டின் பொது ஒப்பந்தச் சட்டத்தொகுப்பு அக்காலத்தைக் கட்டமைப்புக்கு 10 ஆண்டுகள், கட்டமைப்பு சாராத கட்டுமானக் கூறுகளுக்கு 5 ஆண்டுகள், கருவிகளுக்கு 2 ஆண்டுகள் என்று பிரிக்கிறது. பிரேசிலில் இதற்கு 'ரெசெபிமென்டு' என்று பெயர். அங்கும் தற்காலிகம், இறுதி என்னும் இரு நிலைகள் உண்டு. ஆனால் 2021ஆம் ஆண்டின் 14.133 எண் சட்டப்படி, கட்டடத்தின் உறுதிக்கும் பாதுகாப்புக்குமான ஒப்பந்ததாரரின் குறைந்தது 5 ஆண்டுப் பொறுப்பு, இறுதி ஏற்புக்குப் பிறகே எண்ணப்படுகிறது. ஆகவே இரு நாட்டு 'இறுதி ஏற்பு'களுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லை விளக்கமின்றி இடுவது, பொறுப்பு எப்போது முடிகிறது என்பதையே தவறாகக் காட்டிவிடும். தற்காலிக ஏற்புக்குப் பிரிட்டனில் 'ப்ராக்டிகல் கம்ப்ளீஷன்', அமெரிக்காவில் 'சப்ஸ்டான்ஷியல் கம்ப்ளீஷன்', ஃபிடிக் என்னும் பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தங்களில் 'டேக்கிங் ஓவர்' ஆகியவை நெருங்கிய இணைகள்.

எஞ்சியவை எளியவை. ஒப்படைக்கும்போது எழுதப்படும் குறைகளின் பட்டியல் பிரிட்டனில் 'ஸ்னாக் லிஸ்ட்', அமெரிக்காவில் 'பஞ்ச் லிஸ்ட்'. கட்டியபடி வரைந்த படங்களைப் பிரேசில் பொறியாளர்கள் ஆங்கிலத்திலேயே 'ஆஸ் பில்ட்' என்பர். போர்ச்சுகலில் அவை 'தேலஷ் ஃபினாயிஷ்'.

புதிய கட்டடத்தில் குடிபுகலாம் என்று பிரேசில் நகராட்சி வழங்கும் சான்றான 'அபீச்சி-சி'யை மூலச் சொல்லாகவே நிறுத்தி, அதை வழங்கும் அலுவலகத்தையும் அது எதை அனுமதிக்கிறது என்பதையும் ஒரு வரியில் சேர்ப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. சொற்பட்டியலில் ஒவ்வொரு பதிவுக்கும் நாடு, சட்ட ஆண்டு ஆகியவற்றுக்குத் தனிப் பத்திகள் வையுங்கள். சட்டம் திருத்தப்படும்போது எந்தப் பதிவுகளை மாற்ற வேண்டும் என்பது உடனே தெரியும்.