ஊட்டியிலிருந்தே வேல்ஸ் இசைக் கல்லூரிக்கு ஆடிஷன் வீடியோ எடுப்பது எப்படி

கார்டிஃபில் உள்ள ராயல் வெல்ஷ் காலேஜ் ஆஃப் மியூசிக் அண்ட் டிராமாவில் குரலிசை படிக்க யூகாஸ் கன்சர்வேட்டாய்ர்ஸ் என்ற பிரிட்டனின் பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இசைப் படிப்புகளுக்கான கடைசி நாள் வழக்கமாக அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடும். அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 10.30. வெளிநாட்டுப் பிள்ளைகள் நேரில் போகாமல் பதிவு அனுப்பலாம். எத்தனை பாடல், எந்த மொழி, என்றைக்குள் ஏற்ற வேண்டும் என்பதை அந்த ஆண்டுக்கான கல்லூரிப் பக்கத்தில் மட்டும் பாருங்கள். போன வருடம் விண்ணப்பித்த அண்ணன் சொன்ன கணக்கு உதவாது.

முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: ஓப்பராவா, மியூசிக்கல் தியேட்டரா? ஓப்பராவில் மைக் இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் குரல் கேட்க வேண்டும். மியூசிக்கலில் மைக் உண்டு, ஆனால் நடிப்பும் நடனமும் சேர்த்துச் சோதிப்பார்கள். இரண்டுக்கும் ஒரே வீடியோவை அனுப்புவது வீண்.

பாடல் தேர்வில் பேராசை வேண்டாம். வேல்ஸின் ஓப்பரா பாடகர் பிரின் டெர்ஃபெல் சிறுவயதிலேயே ஐஸ்டெட்வோட் எனும் ஊர்ப் போட்டிகளில் பாடி வளர்ந்தவர். லண்டனின் கில்ட்ஹால் இசைப்பள்ளியில் படித்து, 1989-இல் கார்டிஃப் உலகப் பாடகர் போட்டியில் லீடர் (ஜெர்மன் கலைப்பாடல்) பரிசு பெற்றார். 1990-இல் வெல்ஷ் நேஷனல் ஓப்பராவில் அவர் முதலில் ஏற்றது மோட்ஸார்ட்டின் ‘கோசி ஃபான் துட்டே’யில் வரும் குலியெல்மோ வேடம். பெரிய, கனத்த குரல் கேட்கும் வாக்னரின் ஓப்பராக்களில் வோட்டன் என்ற கடவுள் வேடத்தில் நின்றது நாற்பதை நெருங்கும்போதுதான். அவ்வளவு பெரிய குரலே அவ்வளவு காத்திருந்தது என்றால், பதினெட்டு வயதில் வாக்னர் எதற்கு? ஒரு பழைய இத்தாலியச் சிறுபாடல், ஒரு ஆங்கிலப் பாடல், முடிந்தால் ஒரு லீட், அதாவது ஜெர்மன் கலைப்பாடல். ஒவ்வொன்றும் 2 முதல் 4 நிமிடம், எல்லாம் மனப்பாடம்.

அடுத்தது உச்சரிப்பு. மாதக்கணக்கில் வேலை வாங்குவது இதுதான். தமிழ் வாயின் மூன்று பழக்கங்கள் பதிவில் பளிச்சென்று தெரியும். ஒன்று, ஆங்கில ‘டி’யை (t) நாக்கை மடித்து ‘ட்’ என்று சொல்வது. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் ஈறு மேட்டைத் தொட்டால் போதும், மடியக் கூடாது. இரண்டு, மூக்கொலிக்குப் பின் வரும் வல்லினத்தை மென்மையாக்கி, ‘வின்ட்டர்’ (winter) என்பதை ‘விண்டர்’ (winder) போலச் சொல்வது. மூன்று, மெய்யில் முடியும் சொல்லில் ‘நைட்டு’, ‘லைட்டு’ என்று உகரம் ஒட்டுவது. பேச்சில் இது யாருக்கும் உறுத்தாது. நீட்டிப் பிடித்த சுரத்தின் முடிவில் ஒரு கூடுதல் அசையாக விழும்போதுதான் வினை. இத்தாலியம் நமக்குக் கொஞ்சம் இணக்கமானது. சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும், ‘பெல்லா’ போன்ற இரட்டிப்பு தானாக வரும். ஆனால் ஒற்றை ‘டி’ (t) எழுதிய ‘அமாதோ’வில் (amato) ‘த்தோ’ என்று இரட்டித்தாலும் தவறு, ‘கதை’யில் வரும் ‘த’ போலக் குழைத்தாலும் தவறு.

வெல்ஷ் நாட்டார் பாடல் ஒன்றைச் சேர்ப்பது கட்டாயமில்லை. சேர்த்தால் சரியாகச் சொல்ல வேண்டும். இரட்டை ‘எல்’ வந்தால் நாக்கை ‘ல’ இடத்தில் வைத்து, குரல் இல்லாமல் ஓரத்தில் காற்றை மட்டும் ஊதுங்கள். ஒற்றை ‘எஃப்’ நம் ‘வ’, இரட்டை ‘எஃப்’ தான் ‘ஃப’. ‘டபிள்யூ’ பல இடங்களில் ‘உ’ அல்லது ‘ஊ’ என்ற உயிர். அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில். குறில் நெடில் வேறுபாடு வெல்ஷிலும் உண்டு, அது நமக்குக் கைவந்தது.

மலைக்கே உரிய தொல்லைகளும் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். இங்கேயே வளர்ந்தவருக்குச் சிக்கலில்லை. கோவையிலோ சென்னையிலோ படித்துவிட்டு மேலே வருபவர் இரண்டு மூன்று நாள் தங்கிய பிறகு பதிவு செய்யட்டும், இல்லையென்றால் நீண்ட வரிகளில் மூச்சு முந்திக்கொள்ளும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று வறண்டிருக்கும், கணப்பும் ஹீட்டரும் இன்னும் உலர்த்தும். அந்த அறையில் பாட வேண்டாம். ஆவி பிடிக்க வெறும் வெந்நீர் போதும். நீலகிரித் தைலம் மூக்கைத் திறந்த மாதிரி காட்டும், தொண்டை எரிச்சலை மறைத்துவிடும்.

பியானோவை நம்பும் முன் ட்யூனர் செயலியில் சோதியுங்கள்: நடு ‘ஏ’ 440 ஹெர்ட்ஸ். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்துச் சுதி ஏறும், பனிக்காலத்தில் இறங்கும். பல ஆண்டு தொடாத சர்ச் பியானோ அரைச் சுரம் இறங்கியிருந்தால் ஒரே நாளில் ஏற்றச் சொல்லாதீர்கள், கம்பி அறுந்துபோகலாம். ஏற்றினாலும் சில வாரத்தில் மீண்டும் இறங்கும், அதனால் இரண்டாவது ட்யூனிங்குக்கும் நாள் வையுங்கள். அவகாசம் இல்லையென்றால் 88 கட்டைகள் கொண்ட, கட்டைகளில் கனமுள்ள டிஜிட்டல் பியானோ எவ்வளவோ மேல். உடன் வாசிக்க ஆள் கிடைக்காமல் முன்பே பதிவான பின்னணி இசையை (டிராக்) போட்டுப் பாடுவது கடைசி வழி. மூச்சு எடுக்கும் இடத்தில் டிராக் உங்களுக்காக நிற்காது. அதற்கும் கல்லூரி அனுமதிக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறை விஷயத்தில் தகரக் கூரையைத் தவிருங்கள், ஒரு தூறல் போதும் எல்லாம் பாழ். பெரிய கல் சர்ச்சில் எதிரொலி சொற்களை விழுங்கிவிடும். மரத்தளமும் திரைச்சீலையும் உள்ள பள்ளிக்கூட ஹால் நல்லது. சீசனில் ஏப்ரல், மே வார இறுதிகளில் ஹார்ன் சத்தம் ஓயாது. வார நாள் காலை 10 முதல் 12 வரை, குரல் நன்றாக விழித்த பிறகு வையுங்கள்.

ரெக்கார்டரை உங்களிடமிருந்து 2 முதல் 3 மீட்டர் தள்ளி, முக உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டு, மிக உரத்த சுரம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அமையுங்கள். அணைக்காவிட்டால் மென்மையும் உரப்பும் ஒரே அளவாகிவிடும். பாட்டின் பாதி வேலையே அந்த வேறுபாடுதான். போனைப் படுக்கைவாக்கில் வைத்து முழங்கால் வரை தெரியும்படி எடுங்கள், கையும் தோளும் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு பாடலும் வெட்டு ஒட்டு இல்லாத ஒரே டேக். ரிவர்ப், அதாவது செயற்கை எதிரொலி, சேர்க்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் கருவியானால் மின்வெட்டு வந்தாலும் டேக் தப்பும்.

கடைசி நாள் இரவில் வலை மெதுவாகும் என்றே வைத்துக்கொண்டு, மூன்று நாள் முன்பே ஏற்றி, ஏற்றிய கோப்பை ஹெட்ஃபோனில் முழுக்கக் கேளுங்கள். இடம் கிடைத்தால் விசாவுக்குக் காசநோய்ச் சோதனைச் சான்றும் வேண்டும். அதை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் எடுக்க முடியும், சென்னைப் பயணத்துக்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.