மரங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் இணையம்: வானம் பார்ப்பதில் தொடங்கி வேலையை முடிப்பது வரை

ஃபைபரும் வராது, செல்பேசிக் கோபுரமும் எட்டாது என்கிற இடத்தில் மிஞ்சுவது செயற்கைக்கோள் இணையம்தான். கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்த அரை மணி நேரம் போதும். மரங்கள் சூழ்ந்த இடத்தில் மீதி உழைப்பு முழுவதும் திறந்த வானத்தைத் தேடுவதில் போகிறது. அதனால் பணம் கட்டும் முன்பே வானத்தைப் பாருங்கள். டிஷ்ஷை வாங்கிவிட்டு இடம் தேடினால், பெரும்பாலும் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு அறுந்து அறுந்து வரும் இணைப்போடு காலம் தள்ள வேண்டியிருக்கும்.

முதலில்: எந்த வகை?

புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், வானத்தில் ஒரே புள்ளியில் நிற்பதுபோல் இருக்கும். அந்தத் திசையில் மரங்களுக்கு இடையே ஒரு சன்னல் அளவு இடைவெளி கிடைத்தாலும் போதும். ஆனால் தகவல் போய்த் திரும்பவே 600 மில்லிநொடி ஆகிவிடும். மின்னஞ்சலும் வலைப்பக்கமும் தாங்கும். வீடியோ அழைப்பில் ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு விழும்.

ஸ்டார்லிங்க் போன்றவை தாழ்வட்டப் பாதையில், ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவை. தாமதம் வழக்கமாக 25 முதல் 60 மில்லிநொடிக்குள் இருக்கும். இவை நிற்பதில்லை, நொடிக்கு 7.5 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. டிஷ் 15 நொடிக்கு ஒருமுறை எந்தச் செயற்கைக்கோளோடு பேசுவது என்ற ஒதுக்கீட்டைப் பெறுகிறது. எனவே இதற்குச் சன்னல் போதாது, கூரையே திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடர்ந்த மரம் நின்றாலும், செயற்கைக்கோள் அந்தப் பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் இணைப்பு சில நொடி அறும்.

பெரும்பாலானோருக்குத் தாழ்வட்ட வகையே பொருந்தும். கீழே வரும் படிகள் அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை; புவிநிலை வகைக்கு மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம். எதுவாயினும், உங்கள் நாட்டில் அந்தச் சேவைக்கு உரிமம் இருக்கிறதா, உங்கள் இடம் அதன் சேவை வரைபடத்தில் வருகிறதா என்று உறுதி செய்த பிறகே கருவியை வாங்குங்கள்.

படி 1: வானத்தை அளப்பது

ஸ்டார்லிங்க் செயலியில் தடைகளைச் சோதிக்கும் கருவி உண்டு. கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம். செல்பேசிக் கேமராவை வானத்தை நோக்கிச் சுழற்றினால், டிஷ் பார்க்கும் பரப்பில் எங்கெங்கே மரம் மறைக்கிறது என்று காட்டும். அங்கே சிக்னல் இருக்காது என்பதால் செயலியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிஷ் நிற்கப்போகும் உயரத்திலிருந்தே சோதிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தரையில் நின்று பார்த்த முடிவு 6 மீட்டர் கம்பத்துக்குப் பொருந்தாது.

செயலியை மட்டும் நம்பாமல் கையாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்லிங்க்கின் இப்போதைய ஸ்டாண்டர்டு டிஷ்ஷின் பார்வைக் கூம்பு 110 பாகை. நேர் மேலே பார்த்து வைத்தால், எல்லாத் திசையிலும் அடிவானத்திலிருந்து 35 பாகைக்கு மேல் திறந்திருக்க வேண்டும். 35 பாகைக்கு டேன்ஜென்ட் 0.7. அதாவது டிஷ்ஷைவிட மரம் எவ்வளவு உயரமோ, அதை 0.7ஆல் வகுத்தால் மரம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது வரும்.

20 மீட்டர் மரம், டிஷ் தரையில்: 28.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதே மரம், டிஷ் 8 மீட்டர் உயரத்தில்: 17 மீட்டர் போதும். டிஷ்ஷை ஒரு மீட்டர் உயர்த்தினால் சுற்றிலும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இடம் மிச்சம். எந்த மரத்தை வெட்டுவது என்று யோசிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். பல இடங்களில் கோடரியே தேவைப்படாது.

மரத்தின் உச்சிக் கோணத்தை அளக்கச் செல்பேசியின் சாய்வுமானி போதும். இல்லாவிட்டால் பள்ளிப் பிள்ளைகளின் பாகைமானியின் நடுவில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டு, அதன் நேர் விளிம்பு வழியே உச்சியைப் பாருங்கள். நூல் 90லிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ அதுதான் கோணம்.

நேர் மேலே பார்க்கும் நிலை பூமத்தியரேகைக்கு அருகே உள்ளவர்களுக்கு. அதிலிருந்து விலகி நடு அட்சரேகைகளுக்குப் போகப் போக, வட அரைக்கோளத்தில் டிஷ் வடக்கே சாயும், தென் அரைக்கோளத்தில் தெற்கே. அந்தப் பக்கத்து மரங்கள்தாம் அங்கே பகை. புவிநிலை டிஷ்ஷுக்கு இது தலைகீழ்: அது எப்போதும் பூமத்தியரேகைப் பக்கமே பார்க்கும்.

இலைகள் நிறைந்திருக்கும் பருவத்தில் அளந்தால்தான் கணக்கு நிற்கும். இங்கே பயன்படும் அலையின் நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர், இலையிலுள்ள நீர் அதை விழுங்கிவிடும். மழையில் நனைந்த இலை இன்னும் மோசம். ‘நடுவில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறதே’ என்று இலைத்திரைக்குப் பின்னால் டிஷ்ஷை வைக்காதீர்கள். வேகமாக வளரும் மரங்கள் ஆண்டுக்கு ஒரு மீட்டர்கூட உயரும் என்பதால், வரம்பைத் தொட்டபடி நிற்கும் மரத்தையும் தடை என்றே கணக்கில் வையுங்கள்.

படி 2: எங்கே நிறுத்துவது

வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 80 மீட்டர் தள்ளி ஒரு வெட்டவெளி இருந்தால், கூரையைவிட அது நல்ல இடம். கூரைக்கு மேல் வானம் திறந்திருந்தால் கூரை. இரண்டும் இல்லை என்றால் கம்பம்.

மரத்தின் உச்சியிலேயே கட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியும், தாழ்வட்ட டிஷ் மின்னணு முறையில் கதிரைத் திருப்புவதால் லேசான ஆட்டத்தைத் தாங்கும். 75 சென்டிமீட்டர் புவிநிலை டிஷ்ஷின் கதிரோ 2 பாகைக்குச் சற்றே கூடுதல் அகலம்தான். மரம் அசைந்தாலே சிக்னல் போய்விடும். தாழ்வட்ட டிஷ்ஷுக்கும் மரத்தை நாங்கள் கடைசி வழியாகவே சொல்வோம். உயர்ந்து நிற்கும் மரம் மின்னலை இழுக்கும், பட்டை வளர்ந்து கிளாம்பை விழுங்கும், ஒவ்வொரு பழுதுக்கும் ஆள் ஏற வேண்டும்.

படி 3: கம்பம் நடுவது

3 மீட்டர் வரை என்றால் 50 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள ஜிஐ பைப்பைத் தனியாகவே நடலாம். 30 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி எடுங்கள். அடியில் ஒரு சாண் ஜல்லி போட்டால் நீர் வடியும். 1:2:4 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் ஊற்றி, இரண்டு பக்கமும் ரசமட்டம் வைத்துத் தூக்கு பார்த்து முட்டுக் கொடுங்கள். கலவை ஏறத்தாழ 150 கிலோ வரை பிடிக்கும். பைப்பின் மேல் வாயை மூடாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி அடிப்பகுதி துருப்பிடிக்கும். குறைந்தது ஒரு வாரம் நீராற்றிய பிறகே சுமை ஏற்றுங்கள்.

அதற்கு மேல் உயரம் போனால், கம்பத்தைத் தரையோடு இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி கட்டாயம். ஸ்டாண்டர்டு டிஷ்ஷின் முகப்பு ஏறத்தாழ 60 x 38 சென்டிமீட்டர்தான். ஆனாலும் மணிக்கு 144 கிலோமீட்டர் காற்று அதன் முகத்தில் நேராக அடித்தால், 25 கிலோவுக்கு மேற்பட்ட எடை கம்பத்தின் உச்சியைப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். 6 மீட்டர் கம்பத்துக்கு:

- 4 மில்லிமீட்டர் ஜிஐ முறுக்குக் கம்பி, 120 பாகை இடைவெளியில் 3
- கட்டும் உயரம் 4 முதல் 4.5 மீட்டர், கம்பியைத் தரையில் பிணைக்கும் இடம் கம்பத்தடியிலிருந்து 3 முதல் 4 மீட்டர்
- ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு), முனைக்கு மூன்று கம்பி கிளிப்
- அடியில் கீல் வைத்த தளத்தகடு

கீல் இருந்தால் கம்பத்தைச் சாய்த்து டிஷ்ஷைத் தரையிலேயே மாட்டலாம், பழுதும் பார்க்கலாம். ஏணி வைத்து உச்சியில் வேலை செய்யும் ஆபத்து இல்லை. நிமிர்த்தும்போது மூன்று பேராவது வேண்டும். விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் கம்பம் நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

படி 4: கேபிள்

ஸ்டாண்டர்டு டிஷ்ஷோடு 15 மீட்டர் கேபிள் வரும்; தனியாக 45 மீட்டர் வாங்கலாம். இதே கேபிளில் மின்சாரமும் போகிறது, அதனால் இடையில் வெட்டி ஒட்டாதீர்கள். பிளக்கை ‘கிளிக்’ என்று உட்காரும் வரை அழுத்துங்கள். பாதி நுழைந்த பிளக் முதல் வாரம் வேலை செய்துவிட்டு, முதல் மழையில் துருப்பிடிக்கும்.

தரைக்கடியில் 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் பிவிசி பைப்புக்குள் விடுங்கள். பிளக் நுழைய வேண்டும் என்பதால் பைப் 32 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வெளியே தெரியும் பகுதிக்கும் பைப் போடுங்கள். அணிலும் எலியும் கடிப்பது காட்டு இடங்களில் அன்றாடம் நடப்பது. சுவருக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். பைப்பின் இரு வாயையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு குடியேறும்.

45 மீட்டரும் எட்டவில்லை என்றால், ரூட்டரை டிஷ்ஷுக்குப் பக்கத்தில் நீர் புகாத பெட்டிக்குள் வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு ஈதர்நெட் இழுங்கள். அதற்கு 100 மீட்டர் வரம்பு. அதையும் தாண்டினால், அல்லது மின்னல் மிகுந்த இடமானால், இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி) வைத்து உலோகக் கம்பி இல்லாத ஒளியிழைக் கேபிள் போடுங்கள்.

படி 5: மின்சாரம்

மின்வசதி இருந்தால் ஒரு யூபிஎஸ் வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். சூரிய ஒளியில் ஓட்டுபவர்களுக்கே இந்தப் பகுதி.

ஸ்டாண்டர்டு டிஷ் சராசரியாக 75 முதல் 100 வாட் இழுக்கும். நாள் முழுதும் 80 வாட் என்றால் 1,920 வாட்மணி. அதே நிறுவனத்தின் சிறிய டிஷ்ஷான ஸ்டார்லிங்க் மினி 25 முதல் 40 வாட். 30 என்று வைத்தால் 720 வாட்மணி. இந்த வேறுபாட்டினாலேயே, ஒரு குடும்பத்தின் சாதாரணப் பயன்பாட்டுக்கு மினியைச் சொல்கிறோம். அது 12 முதல் 48 வோல்ட் நேர்மின்சாரத்தையும் ஏற்பதால், தானே மின்சாரம் தின்னும் இன்வெர்ட்டரைத் தவிர்க்கலாம்.

மினிக்குக் கணக்கு: வெயில் இல்லாத 2 நாளைத் தாங்க 1,440 வாட்மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காடு மட்டுமே பயன்படுத்துவது என்றால் 1,800. ஆக 12.8 வோல்ட் 150 ஆம்ப்மணி பேட்டரி ஒன்று. நாளுக்கு 4 மணி நேர முழு வெயில், 30 விழுக்காடு இழப்பு என்று கொண்டால் பேனல் 257 வாட் வருகிறது; தீர்ந்த பேட்டரியை மீட்டெடுக்கவும் இடம் வேண்டுமே, 400 வாட் போடுங்கள்.

12 வோல்ட்டை நீளமான ஒயரில் அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. 40 வாட்டுக்கு 3.3 ஆம்ப், 15 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் போக வர 0.7 வோல்ட் விழும். பேட்டரி பாதி இறங்கிய இரவில் டிஷ் தானாக அணைந்து அணைந்து எழும், காரணமும் பிடிபடாது. 24 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பினால் வோல்ட் வீழ்ச்சி பாதியாகும். டைப்-சி சார்ஜரில் ஓட்டுவதாக இருந்தால் 100 வாட்டுக்குக் குறைந்தது உதவாது.

பேனலுக்கும் நிழல் ஆகாது. ஒரே கிளையின் நிழல் ஒரு வரிசைச் செல்கள்மேல் விழுந்தாலே உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். செயலியில் உறக்க நேரம் வைத்து, இரவு 6 மணி நேரம் டிஷ்ஷைத் தூங்கவிட்டால் பேட்டரிக்குப் பெரிய ஆறுதல்.

படி 6: மின்னலும் எர்த்திங்கும்

உலோகக் கம்பத்தை 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியால் தரைக்குள் அடித்த 2.4 மீட்டர் எர்த் தடியோடு, முடிந்தவரை நேராக, வளைவின்றி இணையுங்கள். இந்த எர்த்தையும் வீட்டு எர்த்தையும் ஒன்றாகப் பிணைக்க வேண்டும். தனித்தனியே விட்டால் அருகில் இடி விழும்போது இரண்டுக்குமிடையே எழும் மின்னழுத்தம் உங்கள் ரூட்டர் வழியாகத்தான் பாயும். இதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். எர்த் செய்தாலும், இடிமழை நெருங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுவதுதான் உறுதியான காப்பு. ஒளியிழை போட்டவர்களுக்கு வீட்டுப் பக்கத்துக் கவலை குறைவு.

படி 7: இயக்கிச் சோதிப்பது

மின்சாரம் கொடுத்து, செல்பேசியை ரூட்டரின் வைஃபையில் இணைத்து, செயலி சொல்லும் பக்கம் டிஷ்ஷைத் திருப்பி நட்டை முடுக்குங்கள். முதல் மணி நேரத்து வேகத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். தடை வரைபடம் நிரம்பக் குறைந்தது 12 மணி நேரம் வேண்டும். ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். 1 விழுக்காடு தடை என்றால் அற்பமாகத் தோன்றும். ஒரு நாளில் அது 14 நிமிடம், அதுவும் சில நொடித் துண்டுகளாக நாள் முழுக்கச் சிதறியது. படம் பார்க்க உறைக்காது. வேலை நேர அழைப்பில் நிச்சயம் உறைக்கும். வரைபடத்தில் சிவப்பு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துக் கிளையை மட்டும் கழித்துவிட்டு மறுபடி ஒரு நாள் பாருங்கள்.

இணைப்பு சரியில்லை என்றால்

முதலில் கணினியை ரூட்டரோடு கேபிளில் இணைத்துப் பாருங்கள். கேபிளில் நன்றாக ஓடினால் குறை வைஃபையில். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மரங்களைத் தாண்டாது. வெளிப்பட்டறைக்கோ வாயிற்கதவுக்கோ இணைப்பு வேண்டுமானால் நேர்ப்பார்வை இருக்கும் இடத்தில் இரு முனை வயர்லெஸ் பிரிட்ஜ் வையுங்கள், இல்லாவிட்டால் கேபிள் புதையுங்கள்.

கேபிளிலும் சில நொடி அறுந்து அறுந்து வந்தால் தடை. மாலையில் மட்டும் மந்தமானால் நெரிசல். அதற்கு உங்கள் பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை. கனமழையின்போது சில நிமிடம் போய் வந்தால் இயல்பு. மழை விட்டு மணிக்கணக்கான பின்னும் திரும்பவில்லை என்றால் பிளக்கில் நீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். புவிநிலை டிஷ்ஷில் மார்ச், செப்டம்பரை ஒட்டிச் சில நாள் பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடம் சிக்னல் போனால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது என்று பொருள்.

கண்காணிப்புக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை என்பது இன்னொரு வழக்கமான முறையீடு. வழக்கமான வீட்டுத் திட்டங்களில் ஸ்டார்லிங்க் 100.64இல் தொடங்கும் வரிசையிலிருந்து பலர் பகிரும் முகவரியையே தருகிறது, அதனால் ரூட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை. கிளவுட் வழியே இயங்கும் கேமராவை வாங்குங்கள், அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னை (இணையத்தின் வழியே தனிப்பாதை அமைக்கும் மென்பொருளை) கேமரா இருக்கும் வலையமைப்பில் ஒரு சிறு கணினியில் போட்டுவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டர்ன்பக்கிளை இறுக்கி, டிஷ்மேல் ஒட்டிய சருகையும் பறவை எச்சத்தையும் ஈரத்துணியால் துடைத்து, தடை வரைபடத்தை அழித்துப் புதிதாக எடுங்கள்.